சேரியின் சொல்லைச் சாட்சியாக்கியவர்: அயோத்திதாசப் பண்டிதரும் வாய்மொழி மரபும்

ஒரு சமூகத்தின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அரசும் பல்கலைக்கழகமும் நீதிமன்றமும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் தருகின்றன: எழுதப்பட்டதில் இருக்கிறது. கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அடங்கல், பட்டா என்று அந்த எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறியிருக்கிறது. எழுதியவர்கள் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் நினைவைத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும், பழமொழியிலும் சடங்கிலும், ஊர்ப்பெயரிலும் சாமிக் கதையிலும் வைத்துக் காத்தனர். அவற்றைக் கலை நிகழ்ச்சியாக மேடையேற்றிக் கைதட்டுவதற்கு இன்று பலரும் ஆயத்தமாக இருக்கின்றனர். வரலாற்றின் சாட்சியாக ஏற்பதற்கு ஆயத்தமாக இருப்பவர்கள் சிலரே.

நூறாண்டுகளுக்கு முன்பு, சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்த ஒரு சிறு வார ஏட்டின் பக்கங்களில், சேரி மக்களின் பேச்சையும் வழக்கத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி வாதாடியவர் அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவர், பத்திரிகையாளர், பௌத்த மீட்பர், திராவிடர் என்ற சொல்லை அரசியலுக்குள் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி என்று அவர் பல வகையில் நினைவுகூரப்படுகிறார். வாய்மொழி மரபை ஓர் உரிமை ஆவணமாக வாசித்தவர் என்ற முகம் போதிய அளவு பேசப்படவில்லை. நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் கோயில் நுழைவுக்கும் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த முகமே மிகவும் தேவைப்படுகிறது.

காத்தவராயன் என்ற பெயர்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். சேரியில் வளர்ந்து, ஆரியமாலை என்னும் பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட நாயகனாகக் கதைப்பாடலும் கூத்தும் பாடிவரும் அதே காத்தவராயன். அச்சுநூல் எட்டாத சேரிகளிலும் அந்தக் கதை எட்டியிருந்தது. சாதி கடந்ததற்காகக் கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கி, அவன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டித் தலைமுறை தலைமுறையாக அழைத்துவந்த மக்களின் நினைவு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் தம் ஆசிரியரான அயோத்திதாசக் கவிராசப் பண்டிதரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். தமிழும் சித்த மருத்துவமும் கற்ற அவர், வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அறிமுகம் பெற்றார்.

அவருடைய குடும்பத்தில் கல்வி புதிதாக வந்த ஒன்றன்று. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் முதலான ஓலைச்சுவடிகளை அவர் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் ஒப்படைத்தார் என்று பண்டிதர் தம் ஏட்டில் பதிவு செய்திருக்கிறார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எடுத்துரைத்தவர் எல்லிஸ். தமிழறிவின் மீட்புக் கதையில் எல்லிஸின் பெயர் நிலைத்தது. சுவடி கொடுத்த பட்லரின் பெயரோ அவருடைய பேரன் எழுதியதால்தான் நமக்குக் கிடைக்கிறது. ஒரு குடும்பம் தனக்குள் சொல்லிவந்த செய்தியைப் பொது வரலாற்றின் முன் வைக்கும் வேலையைப் பண்டிதர் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார் என்று சொல்லலாம்.

நீலகிரியிலிருந்து விக்டோரியா மண்டபம் வரை

இளமையின் பெரும்பகுதியை நீலகிரியில் கழித்த அவர், 1870இல் அங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். வேதாந்தத்தின் ஒருமைத் தத்துவத்தைக் கொண்டு சாதியை வெல்லலாம் என்ற நம்பிக்கை அப்போது அவரிடம் இருந்தது. அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1885இல் அருட்திரு ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ என்ற ஏட்டை நடத்தினார். 1891 டிசம்பர் 1ஆம் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, கல்வி, வேலை, நிலம், இழிவுகளிலிருந்து விடுதலை ஆகியவற்றைக் கோரும் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார்.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக வந்தார். சிவனும் விஷ்ணுவும் அனைவருக்கும் பொதுவான தெய்வங்கள் என்றால், தம் மக்களை அந்தக் கோயில்களுக்குள் விடத் தடை என்ன என்று அவர் அவையில் கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருள்பட விடையளித்தார். அப்படியானால் அந்தத் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் உழுவதற்குத் தரிசு நிலமும் தாருங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டதாக நாம் அறிகிறோம்.

இந்த நிகழ்வைக் கோயில் நுழைவுக் கோரிக்கையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுகின்றனர். நமக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அன்று அந்த அவையில் சேரியின் தெய்வங்கள் இழிவின் அடையாளமாகத்தான் பெயர் சொல்லப்பட்டன. ஒரு மக்களின் வழிபாடும் கதையும் அவர்களை வெளியே நிறுத்துவதற்கான காரணமாகக் காட்டப்பட்டன. அதன்பின் இருபதாண்டுகளில் பண்டிதர் செய்த வேலையின் பெரும்பகுதி, அவையில் எள்ளப்பட்ட அதே வழக்காறுகளுக்குள் புகுந்து, அவை யாருடைய வரலாற்றைப் பேசுகின்றன என்று தேடியதுதான்.

பௌத்தமும் ‘தமிழன்’ ஏடும்

1890களில் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். முதல் பள்ளி 1894இல் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் எழுந்தது. பெசன்ட் நகரில் இன்றும் இயங்கும் ஆல்காட் நினைவுப் பள்ளி அதன் தொடர்ச்சி. 1898இல் பண்டிதரும் பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்றனர். கொழும்பு வித்யோதயப் பிரிவேனாவின் தலைவர் சுமங்கல நாயக தேரரிடம் பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் தொடங்கி ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை, தமிழ்த் தொழிலாளர்கள் பிழைக்கச் சென்ற இடங்களில் எல்லாம் அதன் கிளைகள் பரவின.

1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளிவந்தது. விலையையே பெயராகக் கொண்ட அந்த வார ஏடு, ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆனது. நாட்டு நடப்பு, மழை நிலவரம், மருத்துவக் குறிப்பு, அரசுக்கு விண்ணப்பம், வாசகர் கேள்விக்கு விடை என எல்லாம் அதில் இருந்தன. சுரங்கத் தொழிலாளரும் பள்ளி ஆசிரியரும் தங்கள் ஊர் வழக்கங்களைச் சொல்லி விளக்கம் கேட்டு எழுதினர். ஊரில் வாயளவில் இருந்தவை இப்படி அச்சுக்கு வந்தன. ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘ஆதிவேதம்’ போன்ற அவருடைய பெரிய நூல்களும் அந்த ஏட்டில் தொடராக வந்தவையே.

வழக்கத்தை வாசித்த முறை

இந்நாட்டின் பூர்வ பௌத்தர்களே பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டுப் பறையர் எனப்பட்டனர் என்பது பண்டிதரின் அடிப்படை வாதம். ஒழுக்கத்தால் அந்தணரானவர்களை யதார்த்த பிராமணர் என்றும், அவர்களைப் போல் வேடமிட்டு இடம்பிடித்தவர்களை வேஷ பிராமணர் என்றும் பிரித்தார். இதற்கு ஓலைச்சுவடிகளையும் நிகண்டுகளையும் மணிமேகலை, வீரசோழியம் போன்ற நூல்களையும் அவர் சான்று காட்டினார். அவற்றுக்கு இணையாக மக்கள் வழக்கத்தையும் சான்றாக வைத்தார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது.

பறையர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்திலும் குமரி மாவட்டப் பேச்சிலும் இன்றும் அந்தப் பொருள் வழங்குகிறது. வேஷ பிராமணர் யார் என்பதை ஊருக்கெல்லாம் பறைந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பண்டிதர் விளக்கினார். இழிசொல்லாக வீசப்பட்டதை உண்மை உரைத்தவர்களின் பெயராக அவர் திருப்பினார். இந்தச் சொல்லாராய்ச்சி மொழியியலார் அனைவருக்கும் உடன்பாடானதன்று. ஆயினும் ஒரு மக்களின் அடையாளத்தை அவர்களுடைய பேச்சோடு இணைத்த அந்தத் துணிவு கவனத்துக்குரியது.

பண்டிகைகளையும் அவர் இவ்வாறே வாசித்தார். எள் நெய்யின் பயனைப் பௌத்த விகாரத்தார் கண்டறிந்து மக்களுக்கு அறிவிக்க, மக்கள் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய நாளே தீபாவளி என்றார். ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்து மலைமேல் விளக்கேற்றிப் பார்த்த நிகழ்வே கார்த்திகை தீபம் என்றார். அம்மனைப் பௌத்தத் துறவியான அம்பிகை என்றும், நோய்க்காலத்தில் வேம்பின் பயனைக் கற்பித்தவர் என்றும் எழுதினார். அசுரனைக் கொன்ற கதைகள் புராணத்தில் இருக்கின்றன. வீட்டில் மக்கள் உண்மையில் செய்வது எண்ணெய் தேய்ப்பது, விளக்கேற்றுவது, வேப்பிலை கட்டுவது. கதை ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்தால், கையையே நம்பு என்பது அவருடைய முறை. சித்த மருத்துவரான அவருக்கு எண்ணெயும் வேம்பும் சடங்குப் பொருள்களாக மட்டும் தெரியவில்லை, மக்கள் காத்த அறிவாகத் தெரிந்தன. ஆடி மாதத்தில் பாலவாக்கம், கொட்டிவாக்கம் தெருக்களில் வேப்பிலைத் தோரணத்தின் கீழ் கூழ் ஊற்றப்படுவதைக் காணும்போது, பசித்தவருக்கு உணவும் நோயுற்றவருக்கு மருந்தும் என்ற பழைய அறம் அதில் எஞ்சியிருக்கிறது என்ற அவருடைய பார்வையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை.

இன்னொரு வழக்கம் இதைவிடக் கூர்மையானது. சேரிக்குள் பார்ப்பனர் நுழைந்துவிட்டால் அவரை விரட்டி, அவர் நடந்த வழியில் சாணம் கரைத்த சட்டியை உடைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஆங்கிலேய இனவரைவியலாரும் இதைப் பதிவு செய்துள்ளனர். அவர்களுக்கு அது ஒரு விநோதம். பண்டிதருக்கு அது வரலாறு. தீட்டு என்பது மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் பாய்வதென்றால், சேரியார் யாருடைய தீட்டைக் கழிக்கிறார்கள்? இரு தரப்புக்கும் இடையே பழைய பகை ஒன்று இருந்தது, தாழ்வு பிறவியிலேயே வந்ததன்று என்பதற்கான சான்றாக அவர் அந்தச் சட்டியை வாசித்தார்.

எல்லாக் கதையும் சாட்சியாகாது

மக்கள் வாயில் வழங்குவது அனைத்தையும் பண்டிதர் ஏற்றுக்கொண்டார் என்று நினைப்பது பிழை. அவர் கடுமையான குறுக்கு விசாரணை செய்பவர். திருவள்ளுவர், பகவன் என்னும் பார்ப்பனருக்கும் ஆதி என்னும் புலைச்சிக்கும் பிறந்தார் என்ற கதை அவர் காலத்தில் பரவலாக வழங்கியது. குறளை இயற்றியவரின் அறிவுக்குப் பார்ப்பனத் தந்தை ஒருவரைக் காரணமாக்கும் கட்டுக்கதை அது என்று அவர் மறுத்தார். பழைய சுவடிகளில் இல்லாத அந்தக் கதை அச்சுப் பதிப்புகள் வழியாக நுழைக்கப்பட்டது என்று வாதிட்டார். வாய்மொழி போலத் தோன்றுவதும் அச்சகத்தில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

அரிச்சந்திரன் கதை தெருக்கூத்தில் விடிய விடிய நடிக்கப்பட்டது. அரசன் அடையும் இழிவின் உச்சம், அவன் சுடலையில் பறையனுக்கு அடிமையாவதுதான் என்று அந்தக் கதை காட்டுகிறது. சேரி மக்களே கண்ணீர் மல்கப் பார்த்த அந்தக் கதையை எதிர்த்து ‘அரிச்சந்திரன் பொய்கள்’ என்று பண்டிதர் எழுதினார். நந்தன் கதையிலும் இதே விழிப்பு. தீயில் இறங்கித் தூய்மை பெற்ற அடியார் நந்தனைப் புராணமும் கீர்த்தனையும் பரப்பின. பண்டிதர் சொன்ன நந்தன் ஓர் அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன்.

ஆக, ஒரு கதை எவர் வாயிலிருந்து வருகிறது, அதனால் எவருக்குப் பயன், மக்களின் அன்றாட வழக்கம் அதற்கு ஒத்துவருகிறதா, பழைய ஏடு அதைத் தாங்குகிறதா என்ற கேள்விகளை அவர் அடுக்கினார். சட்டம் படித்த நமக்கு இந்த வரிசை பழக்கமானதே. சாட்சியின் சொல்லை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் இவையல்லவா?

சேகரித்தவர்களும் வாதாடியவரும்

அக்காலத்தில் நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தவர்கள் இல்லாமல் இல்லை. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சிவலும் பின்னர் 1897இல் ஜென்சனும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளை நூலாக்கினர். பண்டித நடேச சாஸ்திரி கதைகளைத் தொகுத்தார். இந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் தொகுப்பில் சொன்னவர் மறைந்து, சொல் மட்டும் நின்றது. பழமொழி எண்ணாக்கப்பட்டது, கதை இலக்கியச் சுவையாக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்குரிய மக்களிடமிருந்தே ஒருவர் எழுந்து, இது எங்கள் உரிமைப் பத்திரம் என்று வாதாடியது பண்டிதரிடம்தான் நிகழ்ந்தது.

வாய்மொழி மரபு இப்படி ஒரு வழக்கை உள்ளே வைத்திருப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவில் பலராம தாசர் இயற்றிய இலட்சுமி புராணத்தை, மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் பெண்கள் வீடுதோறும் வாசித்தும் கேட்டும் வருகின்றனர். சண்டாளப் பெண்ணான ஸ்ரீயாவின் வீட்டுக்கு இலட்சுமி சென்றாள் என்பதற்காக ஜகந்நாதரும் அண்ணன் பலபத்திரரும் அவளைக் கோயிலிலிருந்து விலக்குகின்றனர். அவள் போனபின் உணவின்றி இருவரும் அலைந்து, இறுதியில் அவள் கையால் உண்டு, சாதி பாராத நெறிக்கு உடன்படுகின்றனர். பூரி கோயிலின் கருவறை சொல்லாத நியாயத்தை அடுப்படியில் கேட்கும் இந்தக் கதை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. அதை விரதக் கதை என்று மட்டும் வகைப்படுத்தினால் அதிலுள்ள வழக்கு நம் காதில் விழாது. அதன் இலக்கிய மதிப்பும் அந்த வழக்கிலேயே இருக்கிறது. பசித்த தெய்வம் ஒதுக்கப்பட்டவளின் வாசலில் நிற்கும் காட்சியைவிட வலுவான வாதம் எந்த மனுவில் எழுத முடியும்?

அவர் எழுப்பிய சுவர்

பண்டிதரைப் போற்றும்போது அவருடைய எல்லையையும் சொல்ல வேண்டும். பஞ்சமர் என்ற பொதுப்பெயரின் கீழ்ப் பல சாதியாரையும் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். பூர்வ பௌத்தர் வேறு, சக்கிலியர், தோட்டியர் முதலானோர் வேறு என்று அவர் எழுதியவை அருந்ததியர் தோழர்களை இன்றும் புண்படுத்துகின்றன. அவர்களுடைய பாட்டுக்கும் சடங்குக்கும் கதைக்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று அவர் தேடவில்லை. இழந்த பெருமையை மீட்கப் புறப்பட்டவர், அந்தப் பெருமைக்கு வெளியே சிலரை நிறுத்தினார். காலத்தின் கட்டாயம் என்று இதைக் கடந்துவிட நாம் விரும்பவில்லை. சேரியின் சொல் சாட்சியாக வேண்டுமென்றால் எல்லாச் சேரியின் சொல்லும் சாட்சியாக வேண்டும்.

பெயரைப் பற்றிய வேறுபாடும் அவர் காலத்திலேயே இருந்தது. அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஏடு தொடங்கினார். இழிபெயரை எதிர்நின்று சுமப்பது அவருடைய வழி. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று குடிக்கணக்கில் பதிவு பெறப் போராடியது பண்டிதரின் வழி. இரண்டு வழிகளும் இன்றைய தலித் அரசியலில் தொடர்கின்றன.

அவருடைய விளக்கங்கள் பலவற்றை ஆவணங்களால் உறுதிப்படுத்த இயலாது என்பதும் உண்மையே. ஆனால் அவர் எதிர்த்த தலபுராணங்களையும் ஆவணங்களால் உறுதிப்படுத்த இயலாது. ஒன்று வரலாறு போல் நடத்தப்பட, மற்றொன்று கற்பனை என்று ஒதுக்கப்பட்டது எதனால் என்ற கேள்வியை அவர் விட்டுச் சென்றார். கோயிலைப் பற்றிய கதையை அதிகாரம் உள்ளவர் சொன்னால் ஐதீகம், சேரியார் சொன்னால் கட்டுக்கதை என்ற ஏற்பாடு இன்னும் கலையவில்லை.

மறைவும் மீட்பும்

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவருடைய மகன் பட்டாபிராமன் ஏட்டைச் சிறிது காலம் நடத்தினார். 1920களில் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் உயிர்ப்பித்தார். பண்டிதரோடு இயங்கிய பேராசிரியர் இலட்சுமி நரசுவின் ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற ஆங்கில நூலை 1948இல் அண்ணல் அம்பேத்கர் முன்னுரையோடு மறுபதிப்பித்தார். தீண்டப்படாதோர் முன்னாள் பௌத்தர் என்ற கருத்தை அதே ஆண்டில் அண்ணல் தம் வழியில் நிறுவ முயன்றார். ஆனால் தமிழ்ப் பொதுவெளியில் பண்டிதரின் பெயர் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது.

அன்பு பொன்னோவியம் போன்றோர் தங்கள் வீடுகளில் ‘தமிழன்’ இதழ்களைக் காத்துவைத்தனர். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். வரலாற்றுத் துறையோ தமிழ்த் துறையோ திறக்காத கதவை வழக்காற்றியல் திறந்தது தற்செயலாக இருக்கலாம். நமக்கு அது பொருத்தமாகவே படுகிறது. இன்று தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. சிலையும் மண்டபமும் வந்துவிட்டன. அவருடைய முறை வந்து சேர்ந்ததா என்பதே இனிக் கேட்க வேண்டியது.

சட்டத்தின் முன் சொல்

சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறை ஆய்ந்து அறிக்கை தந்தபின், 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று ஏற்று, முனியப்பனாகப் பூசை செய்வதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. பூர்வ பௌத்த மரபுக்கு அது பெரிய வெற்றி. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தருக்குச் சாக்கிய முனி என்று பெயர். தலை வெட்டுண்ட நிகழ்வும் முனி என்ற பெயரும் மக்கள் வழக்கிலேயே இருந்தன. கல்லைக் கைவிடாமல் காத்ததும் அந்த வழிபாடுதான். கல்லுக்கு அறிக்கை கிடைத்தது, காத்த நினைவோ பிழை என்று ஒதுக்கப்பட்டது. பண்டிதரின் முறைப்படி அந்தப் பெயரும் ஒரு சாட்சியாகும்.

நிலத்தில் இதன் கூர்மை இன்னும் அதிகம். பாலவாக்கம் இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருந்தாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையுமே பஞ்சமி நிலத்தின் தோற்றுவாய். விக்டோரியா மண்டபத்தில் பண்டிதர் தரிசு நிலம் கேட்டதும் அதே ஆண்டுதான். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் காவல்துறையின் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தனர். நிலம் கைமாறி, பதிவேடு திருத்தப்பட்டு, மனைப்பிரிவு போடப்பட்ட இடங்களில், அந்த நிலம் யாருடையது என்பது பல நேரங்களில் மூதாட்டி ஒருவரின் வாயிலும், ஒரு மேட்டின் பழைய பெயரிலும், நாற்று நட்ட பாட்டிலுமே எஞ்சியிருக்கிறது.

சட்டம் இதற்கு முழுச் செவிடன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 32இல், பொது உரிமை அல்லது பொது வழக்கம் குறித்து அறிந்திருக்கக் கூடிய ஒருவர் சொல்லிவிட்டு இறந்துபோனாலும் அவருடைய சொல் சாட்சியாகலாம் என்று இடம் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் அதைத் தொடர்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த உரிமை பற்றிய தகராறு எழுவதற்கு முன்பே அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். வேலி போட்டபின், வழக்கு வந்தபின் பதிவு செய்யும் சொல்லுக்கு அந்தப் பிரிவின் பயன் கிடைக்காது.

எனவே கல்லூரித் தோழர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். உங்கள் ஊர்ச் சேரியில் குளத்துக்கும் மேட்டுக்கும் பாதைக்கும் என்ன பெயர், சுடுகாட்டுக்கு எந்த வழியாகப் போனார்கள், எந்தச் சாமிக்கு எவர் முதல் மரியாதை பெற்றார்கள், எந்தப் பாட்டில் எந்த நிலம் வருகிறது என்பதை இப்போதே பதிவு செய்யுங்கள். சொன்னவரின் பெயர், வயது, அவர் எவரிடம் கேட்டார் என்ற விவரம், நாள், இடம் ஆகியவற்றை அவருடைய ஒப்புதலோடு எழுதுங்கள். அவருடைய சொற்களை உங்கள் சொற்களாக மாற்றாதீர்கள். ஒரு படியை அவர் வீட்டிலேயே விட்டு வாருங்கள். அருந்ததியர் தெரு, இருளர் குடியிருப்பு என்று எதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு பண்டிதர் செய்ததைப் போல ஏட்டோடும் வழக்கத்தோடும் ஒப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்.

ஒரு வார ஏடும் மருத்துவப் பையும் மட்டும் கையிலிருந்த ஒருவர், தம் மக்களின் பேச்சை நம்பி அதைச் செய்தார். நம் கையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, சட்டப் பிரிவும் இருக்கிறது. அந்தச் சொற்களைச் சொல்லக் கூடியவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.